கரடித் தடத்தில் உட்கார்ந்தவர்

கேமராவில் கரடி இல்லை. ஆள் இருந்தார்.

விஜயஸ்ரீக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கரடியைப் படம் பிடிக்க மரத்தில் கட்டிவைத்த கேமராவில் ஆடு விழும், மாடு விழும், ஊர் நாய் வந்து மோந்து பார்த்து மூக்கை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டுப் போகும். கரடி மட்டும் கலெக்டர் மாதிரி. வரும் என்று காத்திருந்தால் வராது. அவள் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி. மலையடிவாரத்து ஊர்களை ஒட்டித் திரியும் கரடிகள் மனிதர்களுக்கு ஏற்றபடி தங்கள் நேரத்தையும் வழியையும் எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "நெல்லையப்பர் கோயில் நிழல்ல பிறந்த பிள்ளைக்கு இதுவா படிப்பு? சிவபூசையில கரடி நுழையும்னு கேட்டிருக்கேன், எங்க வீட்டுக்குள்ளயே நுழைஞ்சிட்டு" என்று அவள் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆள் படம் விழுந்தால் உடனே அழித்துவிட வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் விதி மட்டுமல்ல. கேமரா கட்டியிருந்த ஊர் கருத்தப்பாறை, பாபநாசத்துக்கும் கடையத்துக்கும் நடுவே மலையை முட்டிக்கொண்டு கிடக்கிற ஊர். அந்த ஊர்க்காரர்கள் லேசில் கேமராவுக்குச் சம்மதிக்கவில்லை. முன்னொரு தடவை யாரோ கட்டிய கேமராவில் விறகெடுக்கப் போன பெண்களின் படம் விழுந்து, அது எங்கெங்கோ சுற்றி, ஊரே தலைகுனிந்து நின்றதாம். அதனால் ஊர்த்தலைவர் பெருமாள்ராஜ் ஒரே பிடியாக நின்றார். "உங்க பேப்பர்ல போட்ட கையெழுத்து எங்களுக்கு எதுக்கும்மா? சாஸ்தா முன்னால கற்பூரத்த அணைச்சிச் சொல்லு."

சொன்னாள். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து, "ஆள் படம் விழுந்தா அழிச்சிருவேன், யாரு என்னன்னு ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தாள். அது வரைக்கும் கற்பூரம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாமான் என்றுதான் அவளுக்குத் தெரியும். உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. அன்றிலிருந்து ஊர் அவளைக் "கரடியம்மா" என்று கூப்பிட்டு மோர் கொடுத்தது.

இப்போது விக்கிரமசிங்கபுரத்து மாடி அறையில், மடிக்கணினிக்கு முன்னால், அழிக்கிற பொத்தான் மேல் போன விரல் பாதியில் நின்றது. படத்தில் இருந்தவர் வன்னியராஜ்.

வன்னியராஜைத் தெரியாதவர்கள் கருத்தப்பாறையில் இல்லை. அவரை ஒரு வருஷமாகப் பார்த்தவர்களும் இல்லை. போன வருஷம் விடியற்காலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பு முடுக்கில் கரடிக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார். கரடிக்கும் திடுக்கென்றிருக்கும் போல. முகத்தில் பாதியை வழித்தெடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், ஒட்டினார்கள், தைத்தார்கள். ஒரு கண் போனது போனதுதான். அதற்குப் பிறகு வீட்டை விட்டு வருவதில்லை. ஆள் வந்தால் தலையில் துண்டைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

படத்தில் துண்டு மடியில் கிடந்தது. முகத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு, கரடி வழக்கமாகக் கறையான் தின்ன வரும் புற்றுக்கு எதிரே, சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த படத்திலும் அப்படியே. அடுத்த நாள் படத்திலும். அதற்கடுத்த நாளும். வெளிச்சம் வருகிறபோது எழுந்து துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறார்.

பழிவாங்கக் காத்திருக்கிறாரோ என்று நினைத்தாள். படத்தைப் பெரிதாக்கி, அரிவாள் இருக்கிறதா, கம்பு இருக்கிறதா, கண்ணி ஏதும் வைத்திருக்கிறாரா என்று தேடினாள். ஒன்றுமில்லை. ஒரு டார்ச் லைட் கூட இல்லை. கருத்தப்பாறையில் சின்னப் பிள்ளைகள்கூட மேட்டுப் பக்கம் கம்பில்லாமல் போவதில்லை. கரடித் தடத்தில் வெறுங்கையோடு போய் உட்காருகிறவர் கரடியைக் கொல்ல வந்தவர் இல்லை.

கரடி கையால் சாக வந்தவர்.

ஏன் கரடி என்பதும் உடனே புரிந்தது. போன வாரம்தான் வன்னியராஜின் பெண்டாட்டி பேச்சித்தாய் அவளைப் பிடித்து நிறுத்தி, மகள் முத்துராணிக்குக் கல்யாணம் பேசி முடித்த சந்தோஷத்தைச் சொன்னாள். சந்தோஷத்தோடு ஒரு பயத்தையும் சொன்னாள். "மாப்பிள்ளையோட அத்தை கேக்கா, பொண்ணோட அப்பாவுக்குப் புத்தி சரியாத்தான இருக்கு, கோட்டி கீட்டி ஒண்ணுமில்லையேன்னு. முன்னால ஒரு இடத்துல பொண்ணெடுக்கப் பேசினாவளாம். அந்த வீட்டுல ஒருத்தரு தானா உசுர விட்டாருன்னு தெரிஞ்சதும் வெத்தலை பாக்கைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாவளாம். அப்படியாப்பட்ட வீடு. இவரு இருட்டுனா கத்துதாரு. நான் தலகாணிய வச்சி சத்தம் வெளிய போவாம பாத்துக்கிடுதேன்."

தானாக உயிரை விட்டால் மகள் கல்யாணம் நின்றுபோகும். கரடி அடித்துச் செத்தால் ஊர் அழும், சம்பந்தி வீடும் அழும், கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மணவறையில் இந்த முகத்தோடு அப்பன் என்று ஒருவன் நிற்கவும் வேண்டியிருக்காது. மனுஷன் எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். தன் சாவுகூடப் பிறத்தியாருக்குத் தொந்தரவில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

வழிகாட்டிப் பேராசிரியர் சங்கரசுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, "கரடிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"சார்!"

"இல்லம்மா, கேட்டேன். நீ எல்லாத்தையும் எழுதிக் குடு. அறநெறிக் குழு கூடட்டும். அவங்க என்ன சொல்லுதாங்களோ அதுப்படி செய்வோம்."

"குழு எப்ப சார் கூடும்? அவரு நாளைக்கு விடியக்காலையிலயும் போவாரு."

பேராசிரியர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஊருக்குத் தெரிஞ்சா கேமராவப் பூரா பிடுங்கி ஆத்துல எறிஞ்சிருவாங்க விஜயா. உன் படிப்பு போயிரும். யோசிச்சுச் செய்" என்று வைத்துவிட்டார்.

யோசித்ததில் கெசியா ஞாபகம் வந்தது. கூடங்குளத்துக்காரி, அதே பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர். கடலில் சிக்கித் தப்பி வந்த மீனவர்களோடு வருஷக்கணக்காகப் பேசி வருகிறவள். பெயரில்லாமல் அவளிடமும் சொன்னாள். கேட்டு முடித்ததும் கெசியா திட்டத் தொடங்கினாள்.

"நாங்க ஆளுங்ககிட்டப் பேசும்போது முதல்லயே சொல்லிருவோம், நீங்க சொல்லுதது வெளிய போகாது, ஆனா உசுருக்கு ஆபத்துன்னு வந்தா மட்டும் வாய் திறப்போம்னு. நீங்க கரடிக்காரங்க, அந்த ஒத்த வரிய விட்டுட்டுக் கற்பூரத்த அணைச்சிருக்கீங்க. கரடிக்குத்தான ஆராய்ச்சி, மனுசனுக்கு என்ன வந்துரப்போவுதுன்னு நினைச்சிட்டீங்க."

"திட்டாத கெசியா. இப்ப நான் என்ன செய்ய?"

"ஊர்ல சொல்லாத. முதல்ல அவர்கிட்டயே போ. நேரா கேளு. சாகணும்னு நினைக்கீங்களான்னு அந்த வார்த்தையச் சொல்லியே கேளு."

"கேட்டா, அதுவே அவருக்கு யோசனை குடுத்த மாதிரி ஆயிராதா?"

"யோசனை அவர்கிட்ட ஏற்கெனவே இருக்குட்டி. கேக்கத்தான் ஆளில்ல. அவரத் தனியா மட்டும் விட்டுராத. நான் காலையில வண்டிய எடுத்துட்டு வாரேன், டாக்டர்கிட்டயும் சொல்லி வைக்கேன்."

போனை வைத்த பிறகுதான் விஜயஸ்ரீ மீதிப் படங்களைப் பார்த்தாள். கரடி வரத்தான் செய்திருக்கிறது. வன்னியராஜ் உட்காரத் தொடங்கியபோது தூரத்தில் வந்து நின்று, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்து, வந்த வழியே திரும்பியிருக்கிறது. திடீரென்று முட்டிக்கொண்டால்தான் கரடி அடிக்கும். தினமும் ஒரே இடத்தில் இருமிக்கொண்டு, பீடி நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிற ஆளை அது ஒதுங்கித்தான் போகும். ஒதுங்கி எங்கே போயிற்று என்பதை ஓடைப் பக்கம் கட்டியிருந்த இன்னொரு கேமரா காட்டியது. ஆள் படங்களை அழித்துவிட்டால் பன்றி மட்டுமே மிஞ்சும் அந்தக் கேமராவில், இந்த வாரம் முழுக்க விடிகிற நேரத்தில் கரடி.

ஓடைத் தடம்தான் முதல் பஸ்ஸுக்குப் போகிற குறுக்கு வழி. அம்பாசமுத்திரத்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அதில்தான் இறங்குவார்கள். அதில் முத்துராணியும் ஒருத்தி. அந்த ஓடை முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கரடியும் பெண்ணும் முட்டிக்கொள்ளலாம்.

உடனே பெருமாள்ராஜுக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, நாளைக்கு ஓடைப் பக்கம் ஒருத்தரும் போக வேண்டாம். கரடி இறங்குது. ஜவுளிக்கடைப் பிள்ளைங்ககிட்ட இப்பமே சொல்லிருங்க."

"அது புத்துப் பக்கமால்லா வரும்? ஓடைக்கு எதுக்கு வந்துச்சு?"

அவளுக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. "வந்திருக்கு அண்ணாச்சி" என்றாள்.

"சரி, சொல்லுதேன். நாளைக்குக் காலையில ஊரு கூடட்டும். நீ நேர்ல வந்து என்ன ஏதுன்னு சொல்லிரு."

விடிவதற்கு முன்பே கம்பை எடுத்துக்கொண்டு புற்றுப் பக்கம் ஏறினாள். கரடிக்காட்டில் சத்தமில்லாமல் நடக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான். அதனால் கம்பைக் கல்லில் தட்டிக்கொண்டு, வாய்ப்பாடு மாதிரி எதையோ உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள். புற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்த உருவம் சத்தம் கேட்டதும் அவசரமாகத் துண்டை இழுத்து முகத்தில் போட்டது.

"யாருது?"

"நாந்தான் அண்ணாச்சி. கரடியம்மா."

"இங்கன என்ன சோலி உனக்கு? போ தாயி."

அவள் போகவில்லை. இரண்டு எட்டு தள்ளி, தரையிலேயே உட்கார்ந்தாள். "உங்க படம் கேமராவுல விழுந்திருக்கு. அழிச்சிருக்கணும். அழிக்காம பாத்துட்டேன். பேரைச் சொல்லாம ரெண்டு பேர்கிட்டச் சொல்லியும்புட்டேன். சத்தியத்த மீறிட்டேன் அண்ணாச்சி."

துண்டு அசையவில்லை. "சாஸ்தா முன்னால கையச் சுட்டுக்கிட்டுச் சொன்னியே."

"சொன்னேன். தப்புத்தான்." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கெசியா சொன்ன வார்த்தை வாயில் கல்லாகக் கிடந்தது. "அண்ணாச்சி, நீங்க சாகணும்னு நினைக்கீயளா?"

மலைப்பக்கம் எங்கோ மயில் அகவியது. துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தாள். சிரிப்பு. தைத்த உதட்டில் சிரிப்பு சீறலாகத்தான் வெளியே வரும்.

"ஒரு வருசமா இத ஒருத்தரும் கேக்கல தாயி. கண்ணுல தண்ணி வருதான்னு கேட்டாவ. மென்னு திங்க முடியுதான்னு கேட்டாவ. தையல் ஆறிட்டான்னு டார்ச் அடிச்சிப் பாத்தாவ. என் பொண்டாட்டி, பாவம், வாயப் பொத்துனா. உள்ள என்ன கெடக்குன்னு நீதான் கேட்டிருக்க." துண்டின் நுனியைக் கசக்கினார். "நினைக்கேன். தினமும் நினைக்கேன். கண்ண மூடுனா அது வந்து மூஞ்சில மூச்சு விடுது. தூங்கி எத்தன நாளாச்சி தெரியுமா? விட்ட வேலைய அதுவே வந்து முடிச்சிட்டுப் போவட்டும்னுதான் உக்காந்திருக்கேன். அதுக்கு மனசு வர மாட்டேங்கு."

இந்த இடத்தில்தான் விஜயஸ்ரீ ஒரு முட்டாள்தனம் செய்தாள். ஆறுதல் என்று நினைத்துத் தன் படிப்பைச் சொன்னாள். "அது வராது அண்ணாச்சி. உங்க வாடை பழகிட்டு. தூரத்துல நின்னு உங்களப் பாத்துட்டு ஒதுங்கிப் போயிருது. படத்துல இருக்கு."

துண்டு மெல்லத் திரும்பியது. "அதுக்குங்கூட என்னய வேண்டாமா?"

சொன்ன வார்த்தையை அள்ளி விழுங்கிவிட முடியுமா? அவளுக்கு அழுகை முட்டியது. மறைக்கக் கூடாததை அப்படியே போட்டு உடைத்தாள். "அது ஓடைக்கு மாறிட்டு அண்ணாச்சி. நீங்க இங்கன உக்காந்திருக்கதால அங்கன போவுது. ஜவுளிக்கடைப் பிள்ளைங்க போற நேரத்துக்கு."

வன்னியராஜ் எழுந்துவிட்டார். துண்டு நழுவியதுகூடத் தெரியவில்லை. "முத்துராணி..."

"இன்னைக்கு வர மாட்டா. எல்லார்கிட்டயும் போவக் கூடாதுன்னு சொல்லியாச்சு."

"இத்தன நாளா போனாளே! எம்பிள்ள இத்தன நாளா அதுலதான போனா!" இருந்த ஒற்றைக் கண்ணால் புற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் போகாமல், புதருக்குள் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க! தனியா போவாதீய!"

பின்னாலேயே ஓட எழுந்தாள். மேட்டுப் பக்கம் உறுமல் கேட்டது. பாறை ஓரத்தில், ஒரு கல்லெறி தூரத்தில், கரடி நின்றது. இத்தனை வருஷப் படிப்பில் அவள் கரடியை இவ்வளவு பக்கத்தில், நடுவில் கேமராக் கண்ணாடியில்லாமல் பார்த்ததில்லை. அது பின்னங்காலில் எழுந்து நின்று காற்றை மோந்தது. ஓடினால் துரத்தும். கத்தினால் மிரளும். அவள் கம்பைப் பிடித்தபடி, "போ, பைய போ, நானும் போயிருதேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே பின்னடி வைத்தாள். அது என்ன நினைத்ததோ, இறங்கித் திரும்பிப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் அதற்குள் புதரில் ஆள் அரவமே இல்லை. வாழைத்தோப்பு வரைக்கும் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பதில் இல்லை.

தனியாக மட்டும் விட்டுவிடாதே என்று கெசியா சொல்லியிருந்தாள். அதையும் கோட்டை விட்டாயிற்று.

சாஸ்தா கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. கெசியாவின் கார் ஆலமரத்தடியில் நின்றது. விஜயஸ்ரீ மூச்சிரைக்க வந்து நடந்ததைக் காதில் சொன்னதும், "அவர் பொண்டாட்டிகிட்ட இப்பமே சொல்லணும், தனியா கூட்டிட்டு வா" என்றாள் கெசியா. பேச்சித்தாய் முன்வரிசையில், பக்கத்தில் முத்துராணியோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத் தேதி பேச வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர்களுக்கு நேர் எதிரே நாற்காலியில் இருந்தார். எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டால் என்ன ஏதென்று நூறு வாய் கேட்கும். எப்படிக் கூப்பிடுவது என்று தவிக்கிறபோதே பெருமாள்ராஜ் பிடித்துக்கொண்டார்.

"வா தாயி. இத்தன வருசம் புத்துப் பக்கமா வந்த கரடி ஓடைக்கு எப்படி வந்துச்சு? சொல்லு."

"வழிய மாத்திருக்கு அண்ணாச்சி. கொஞ்ச நாளைக்கு ஓடைத் தடம் வேண்டாம். புத்துப் பக்கமும் யாரும்..."

"அதான் ஏன் மாத்துச்சுன்னு கேக்கேன்."

கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "நான் சொல்லுதேன் வே. அவா கட்டுன கேமராவுல செவப்பா ஒரு வெளிச்சம் வருதுல்லா? அதுல மிரண்டுதான் எறங்கிருக்கு. நம்ம பிள்ளைகளக் கரடி வாயில குடுத்துட்டு இவா பட்டம் வாங்கப் போறா!"

கூட்டம் கொதித்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மோர் கொடுத்த கைகள் எல்லாம் இப்போது அவளை நோக்கி நீண்டன. பெருமாள்ராஜ் கையை உயர்த்தி அடக்கினார். "சத்தம் போடாதிங்கலே. யம்மா, கேமராதான் காரணமா, இல்லையா? இல்லன்னா வேற என்ன காரணம்? உனக்குத் தெரியும்னு உம்மூஞ்சியே சொல்லுது."

தெரியும். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். கேமரா தப்பிக்கும், ஐந்து வருஷப் படிப்பு தப்பிக்கும். அந்தப் பெயர்க்காரர் எந்த மரத்தடியில், எந்தக் கிணற்றடியில் இருக்கிறாரோ, அவர் மட்டும் தப்பிக்க மாட்டார். உயிரைக் காப்பாற்ற வாய் திறக்கலாம் என்று கெசியா சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல.

"நான் ஒண்ணும் சொல்லதுக்கில்ல அண்ணாச்சி. கேமராவக் கழட்டிக்கோங்க" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." பிறகு யாரையும் பார்க்காமல் நேராகப் பேச்சித்தாயிடம் போனாள். நூறு வாய் கேட்டால் கேட்கட்டும். "மைனி, எழுந்திரிங்க. ஒரு அவசரம். எங்கூட வாங்க."

"போங்கலே, போய் எல்லாத்தையும் கழட்டுங்க" என்று பெருமாள்ராஜ் இளவட்டங்களை ஏவினார். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கோயில் சுவர் திரும்புகிற இடத்தில் அப்படியே நின்றார்கள்.

சுவருக்குப் பின்னாலிருந்து வன்னியராஜ் வந்தார். தலையில் துண்டு இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. கூட்டத்தின் நடுவுக்கு வந்து, சாஸ்தாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"கேமராவத் தொடாதிங்க. அந்தப் பிள்ளையத் திட்டாதிங்க. கரடிய ஓடைக்கு வெரட்டுனது நானு."

துண்டை எடுத்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் தரையைப் பார்த்தார். வன்னியராஜ் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "பாருங்க. நல்லாப் பாத்துக்கோங்க. இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருக்க முடியாம, கரடி வந்து அடிச்சிக் கொல்லட்டும்னு தினமும் அங்கன போயி உக்காந்தேன். அது எனக்குப் பயந்து எம்மக போற பாதைக்குப் போயிட்டு. அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். கேட்டிய, சொல்லலியே. எனக்காவ அவா படிப்பத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கா."

பேச்சித்தாய் ஓடிவந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "எங்கிட்டச் சொன்னா என்ன? எங்கிட்டச் சொன்னா என்னவே?" என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டே நின்றார். கெசியா பைய வந்து பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி, நான் டாக்டரோட சேந்து வேலை பாக்குதவ. இந்தத் தூக்கமில்லாததுக்கும், கண்ண மூடுனா வருததுக்கும் வைத்தியம் இருக்கு. இப்ப எங்கூட வாரீயளா?" என்று கேட்டாள்.

அவர் தலையை அசைத்தார். ஆனால் நகரவில்லை. அவர் கண் நாற்காலியில் இருந்த தாய்மாமன் மேல் போயிருந்தது. அந்த மனிதர் எழுந்துவிட்டார். குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஊரே அதைத்தான் பார்த்தது. எந்த ஒன்றைக் காப்பாற்றச் சாகப் போனாரோ, அந்த ஒன்று அவர் வாயாலேயே போகப் போகிறது.

முத்துராணி எழுந்து வந்தாள். தாய்மாமனுக்கு முன்னால் கிடந்த செருப்பைக் காலாலேயே அவர் பக்கம் தள்ளினாள். "இந்தா இருக்கு மாமா. போறதுன்னா போங்க. வீட்டுல இட்லி அவிச்சி வச்சிருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க. அத்தகிட்ட ஒண்ணு விடாம அப்படியே சொல்லிருங்க."

அவர் செருப்பைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அவள் அதற்குமேல் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் போய், ஒரு வருஷமாக யாரும் நேராகப் பார்க்காத அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

"யப்பா, அவுக தாலி கெட்டுனா கெட்டட்டும், கெட்டாட்டிப் போவட்டும். என் கலியாணம் என்னைக்கு நடந்தாலும், எவங்கூட நடந்தாலும், நீ மணவறையில துண்டில்லாம நிப்பியா மாட்டியா? அத மட்டும் சொல்லு."

வன்னியராஜின் தைத்த உதடு துடித்தது.

"நிக்கேன் தாயி."

அவள் அவர் கையிலிருந்த துண்டை வாங்கி நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கார் கதவைத் திறந்து ஜன்னலோரமாக அவரை உட்காரவைத்து, அம்மாவையும் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். மெயின் ரோடு வந்ததும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவர் பழக்கத்தில் தலைக்குக் கையைக் கொண்டுபோய்த் துண்டைத் தேடினார். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.